பிட்மன்-ராபர்ட்சன் மானியம்: 25% பங்கை எப்படிக் காட்டுவது?

கேள்வி: அமெரிக்காவில் ஈரநிலச் சீரமைப்புக்கு பிட்மன்-ராபர்ட்சன் நிதியை (வனவிலங்குப் பாதுகாப்புக்கான கூட்டரசு மானியம்) தன்னார்வ அமைப்பு நேரடியாகக் கேட்கலாமா? திட்டச் செலவில் நம் பக்கம் போட வேண்டிய 25% பங்குக்கு ரொக்கம் இல்லை.

பதில்: நேரடியாக முடியாதுங்க. 1937 பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி பணம் மாநில வனவிலங்குத் துறைக்குத்தான் போகும். அவங்களோட துணை ஒப்பந்தம் போடணும். செலவில் 75% வரை கிடைக்கும், அதுவும் மாநிலம் செலவழித்த பிறகுதான். கையிருப்பு இல்லாமல் இறங்காதீங்க.

பதில்: ரொக்கமே வேணும்னு இல்லை. தன்னார்வலர் உழைப்பு, நன்கொடை நிலம் எல்லாம் கணக்கில் வரும். பலர் கோட்டை விடுவது வருகைப்பதிவில்தான்: தேதி, மணிநேரம், செய்த வேலை, கையெழுத்து இல்லைன்னா தணிக்கையில் நிற்காது. நிலத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை தேவை. இன்னொரு கூட்டரசு மானியத்தைப் பங்காகக் காட்டினால் பொதுவாக ஏற்கமாட்டாங்க.

பதில்: மீன் வேலைன்னா இது இல்லை, 1950ஆம் ஆண்டின் டிங்கல்-ஜான்சன் சட்டம். விகிதம் அதேதான்.