கூழைத் தெளியவைக்கச் சொன்னது யார்?

கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு மாங்கூழ் ஏற்றுமதித் தொழிற்சாலையில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துவந்த காலத்தில், ஒரேயோர் ஆங்கில வினைச்சொல் என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. நம் பக்கத்தில் பெங்களூரா என்றும் ஏற்றுமதித் தாள்களில் தோத்தாபுரி என்றும் வழங்கும் மாம்பழத்தின் கூழைப் பற்றிக் கூடுதல் விவரம் கேட்டிருந்த வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, விரைவில் தெளிவுபடுத்துகிறோம் என்ற எண்ணத்தில், 'வீ ஷல் கிளாரிஃபை தி பல்ப்' என்று எழுதிவிட்டேன். பழச்சாற்றுத் தொழிலில் கிளாரிஃபை என்பது, நொதி சேர்த்து வடிகட்டிக் கலங்கல் நீக்கிச் சாற்றைத் தெளியவைப்பதைக் குறிக்கும். கெட்டியான கூழ்தான் வேண்டும், தயவுசெய்து எதையும் வடிகட்டிவிடாதீர்கள் என்று மறுநாளே பதற்றத்துடன் பதில் வந்தது.

அவர் கேட்டிருந்தது 'எலாபரேட் ஆன்'. சொன்னதில் குழப்பமில்லை, ஆனால் போதவில்லை, விரித்துச் சொல்லுங்கள் என்பதே அதன் பொருள். உழைப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த வினை அது. அன்றிரவு பிரிக்ஸ் எனப்படும் இனிப்பு அளவு, புளிப்பு, நுண்ணுயிர் நீக்கி உறையிலிடும் முறை என ஒவ்வொன்றாக எழுதியபோது அந்த உழைப்பு எனக்கும் விளங்கிற்று. கிளாரிஃபை என்பதோ சொன்னதில் ஐயம் எழும்போது வருவது; அது செயப்படுபொருளை நேராகப் பிடித்துக்கொள்வதால், அடுத்துக் கூழ் என்று எழுதினால் கூழே தெளிந்துவிடும்.

இதைப் படித்துப் பாலக்கோட்டிலிருந்து ஓர் உறுப்பினர் எழுதியது:
கல்லூரித் தேர்வில் 'எலூசிடேட்' என்று தொடங்கிய வினாவைக் கண்டு அஞ்சி, விடை நன்றாகத் தெரிந்திருந்தும் பத்து மதிப்பெண்ணை விட்டுவிட்டு வந்தவன் நான். ஒளி என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்த அச்சொல், நம் விளக்குதல் என்ற சொல்லுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

தருமபுரியிலிருந்து, பயிற்றுவிக்கும் ஓர் உறுப்பினர்:
'எக்ஸ்பிளெயின் அபவுட்' என்று எழுதாத மாணவரை நான் பார்த்ததே அரிது. தமிழில் 'பற்றி' என்று நினைப்பதன் விளைவு அது. எக்ஸ்பிளெயினுக்கு அபவுட் வேண்டாம், எலாபரேட்டுக்கு ஆன் வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் அடுத்த தேர்வில் மாற்றி எழுதுவார்கள். நன்னூல் என்னும் இலக்கண நூல், உரையைச் சுருக்கமான காண்டிகை, விரிவான விருத்தி என இரண்டாகப் பிரிப்பதைச் சொல்லி, எலாபரேட் கேட்டால் விருத்தியுரை எழுதுங்கள் என்கிறேன். அதை மட்டும் மறப்பதில்லை.