குன்னூரில் கிடைத்த சீன மூங்கில் குவளை, அரக்குப் பெட்டி

குன்னூர்வாசி: பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது பைன் மரம், முதியவர் உருவங்கள் செதுக்கப்பட்ட, தூரிகைகள் வைக்கும் மூங்கில் குவளை ஒன்றும் சிவப்பு அரக்குப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். மழை தொடங்கியதும் குவளையின் அடியில் வெள்ளைப் பூசணம். கழுவலாமா? பெட்டி நிஜமாகவே செதுக்கியதா?

கோத்தகிரி: தண்ணீர் வேண்டாம், காய்ந்த மென்மையான பிரஷ் போதும். அப்புறம், ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள், மூங்கில் நெடுக வெடித்துவிடும், என்னுடையது ஒன்று அப்படித்தான் போனது, இன்னும் மனசு ஆறவில்லை.

ஊட்டிக்காரன்: பெட்டியை லென்ஸில் பாருங்கள். சீன அரக்கு மரத்தின் பாலில் சாதிலிங்கம் என்ற சிவப்புத் தாதுப்பொடி கலந்து, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்ததைப் பூசி, பல பத்து அடுக்கு ஏறியபின்தான் செதுக்குவார்கள். வெட்டின் ஓரத்தில் அடுக்குக் கோடு தெரியலாம். அச்சில் வார்த்த பிசின் போலியில் ஓரம் மழுங்கியிருக்கும்.

குன்னூர்வாசி: பார்த்தேன் அண்ணா, பூவிதழ் ஓரத்தில் முடி மாதிரி கோடுகள்!