எம்ஜிபி டிஃபரன்ஷியல்: ரோல் பின் அசைய மறுக்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வண்டி 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கிளட்ச்சை விடும்போதும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் பின்னாலிருந்து 'டக்'கென்று அடிக்கிறது. பின் அச்சுக்குப் போகும் சுழல்தண்டின் மூட்டுகளான யுனிவர்சல் ஜாயின்ட் இரண்டிலும் துளி ஆட்டமில்லை. சரி என்று டிஃபரன்ஷியலின் (பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) பின்மூடியைக் கழற்றினால், உள்ளே சின்ன பல்சக்கரங்களான பினியன்களுக்குப் பின்னால் உள்ள த்ரஸ்ட் வாஷர்கள் (அழுத்தம் தாங்கும் வட்டத் தகடுகள்) தேய்ந்து, விளிம்பு பிய்ந்து கிடக்கின்றன. இந்த மாடலுக்கு அது பரம்பரை வியாதி.

புது வாஷர் வாங்கியாயிற்று. ஆனால் பினியன் தண்டைப் பிடித்திருக்கும் ரோல் பின் (சுருட்டிய எஃகுத் தகட்டு ஊசி) அசையவே மாட்டேன் என்கிறது. எண்ணெய் விட்டு ஊறவைத்தும் பயனில்லை. ஓங்கி அடிக்கவும் பயம். பேரிங் போனால் செலவு எகிறும்.

டியூப் ஆக்ஸிலை, அதாவது இந்த வண்டியின் பின் அச்சை, இறக்காமலே இந்த ரோல் பின்னைத் தட்டி எடுத்தவர்கள் யாராவது உண்டா? எந்தப் பக்கமிருந்து தட்டுவது? சூடு காட்டலாமா? பினியன்களைத் தாங்கும் கூடான கேரியரை வெளியே எடு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதற்கு அச்சின் உறையை விரித்துப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் என்னிடம் இல்லை.