குன்றக்குடிப் படியில் கேட்ட ‘கோரா’: மலையா, காடா?

கானாடுகாத்தான் தம்பி:
எங்கள் ஊரில் பழைய வீடு ஒன்றில் தங்க வருகிறவர்களைக் கவனித்துக்கொள்கிறேன். போன வாரம் ஒரு பல்கேரியத் தம்பதியைக் குன்றக்குடிக்குக் கூட்டிப்போனேன். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்ற அம்மா, உச்சியைக் காட்டி “கோரே” என்றார். மலையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். முன்பு வந்த போலந்துக்காரர் மலையை “கூரா” என்பார். விசாரித்தால், ‘கோரே’ என்றால் மேலேயாம், ‘கோரா’ என்றால் காடாம்! மலைக்கு அவர்கள் சொல் ‘பிளானினா’. இதெல்லாம் ஒரே சொல்லா? நம் ‘நீலகிரி’யில் இருக்கும் கிரிக்கும் இதற்கும் உறவு உண்டா?

தேவகோட்டைக்காரன்:
ஒரே சொல்தான் தம்பி. பல்கேரியம், போலந்து மொழி போன்ற ஸ்லாவிய மொழிகளுக்குத் தாயான மூல ஸ்லாவியத்தில் அது *கோரா. ககரத்தைக் கிரியில் வருவதுபோலச் சொல்லுங்கள். ஸ்லாவியர் பேச்சு எழுத்தில் ஏறியது 9-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முந்தைய வடிவத்தைப் பிள்ளை மொழிகளை ஒப்பிட்டு மீட்டிருக்கிறார்கள், அதற்கு அடையாளம் அந்த நட்சத்திரக்குறி.

சமஸ்கிருத ‘கிரி’ இதற்கு உடன்பிறப்பு. ஒன்றிலிருந்து மற்றது வரவில்லை, இரண்டுக்கும் தாய் இந்தோ-ஐரோப்பிய மூலமொழி. லிதுவேனிய மொழியில் இதே குடும்பத்து ‘கிரியா’வுக்குக் காடு என்று பொருள். மரமடர்ந்த மலைகளில் வாழ்ந்தவர்களுக்கு மலைக்குப் போவதும் காட்டுக்குப் போவதும் ஒன்றாகத்தானே இருந்திருக்கும்?

எனக்கு மிகவும் பிடித்தது இலக்கணம். சொல் பெண்பால், ஆகார ஈறு. ‘மலைக்கு’, ‘மலையில்’ இரண்டுக்கும் ஒரே வடிவம்: *கோரே. அம்மா படியில் சொன்னது அந்தப் பழைய வேற்றுமை வடிவத்தைத்தான்! இன்றைய பல்கேரியத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை உருபுகள் ஏறக்குறைய உதிர்ந்துவிட்டன. ஆனால் ‘மலையில்’ என்பது ‘மேலே’யாக உறைந்து தப்பிவிட்டது. திறந்த நிலமான ‘வெளி’ நம்மிடம் ‘வெளியே’ ஆனதே, அதுபோல.

சிங்கம்புணரி வாசகி:
அண்ணே, பிரான்மலையின் பழைய பெயர் திருக்கொடுங்குன்றம். அந்தக் ‘குன்று’ம் இந்தக் குடும்பமா?

தேவகோட்டைக்காரன்:
இல்லைம்மா. குன்று திராவிடச் சொல். ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு சொன்னால் குன்றுக்கும் நல்லதில்லை, கோராவுக்கும் நல்லதில்லை. கிரி நம்மிடம் வடமொழி வழியாக வந்தது, அதனால்தான் அதை இந்தக் குடும்பத்தில் சேர்க்கிறோம்.

கானாடுகாத்தான் தம்பி:
நன்றி அண்ணே. இறங்கும்போது அந்த அம்மா ஒவ்வொரு படிக்கும் “தோலு, தோலு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கீழே என்று புரிந்தது.

தேவகோட்டைக்காரன்:
அதுவும் அப்படித்தான். *தோலு என்றால் பள்ளத்தாக்கு.