எம்ஜிபி கதவு மேலே உரசுகிறது, கீழே விரல் போகிறது: ஹிஞ்ச் (கீல்) பிரச்சினையா, பாடி பிரச்சினையா?

செந்தூல்காரன்:
வணக்கம் அண்ணன்மாரே. என்னுடையது 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை திறக்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பக்கச் சில்லும் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டித் தகடு) துருப்பிடித்துப் போனதால் இங்கே கேஎல்லில் (கோலாலம்பூர்) ஒரு பட்டறையில் விட்டு வெட்டி மாற்றினேன். வண்டி திரும்பி வந்ததிலிருந்து இடது கதவு ஒழுங்காகச் சாத்தவில்லை. பின் விங்கோடு (பின் சக்கரத்துக்கு மேலே உள்ள பக்கத் தகடு) சேருகிற ஓரத்தில் மேலே ஓர் அட்டைகூட நுழையாது, பெயின்ட் உரசி இரும்பு தெரிகிறது, கீழே சுண்டுவிரல் தாராளமாகப் போகிறது. வலது கதவு பரவாயில்லை. ஹிஞ்ச் போல்ட்டை இளக்கிக் கதவைத் தூக்கிவிடலாம், மீதிக்குப் புட்டி போட்டுக்கொள்ளலாம் என்கிறார் பட்டறைக்காரர். அடுத்தது பெயின்ட் வேலை. ஹிஞ்சைத் தொடலாமா?

பட்டர்வொர்த் மாமா:
இப்போதைக்குத் தொடாதீர்கள் தம்பி. முதலில் கதவைப் பாதி திறந்து பின் ஓரத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். கடகடவென ஆடினால் ஹிஞ்சுக்குள் இருக்கிற ஆணி தேய்ந்திருக்கிறது, அதை மாற்றாமல் என்ன சரிசெய்தாலும் நிற்காது. ஆடவில்லையென்றால் முன் விங்குக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஹிஞ்ச் தேய்ந்து கதவு தொங்கினால் அந்த முன் இடைவெளி மேலே விரிந்து கீழே ஒடுங்கும். முன்னால் மேலும் கீழும் ஒரே அளவாக இருந்து பின்னால் மட்டும் ஒடுங்கினால் கதவில் குற்றமில்லை, பாடியே நடுவில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வண்டிக்குத் தனியாக சேஸி கிடையாது, ஜிடி மாடல் மாதிரி தாங்கிப் பிடிக்க இரும்புக் கூரையும் கிடையாது, கிட்டத்தட்ட முழுப் பலமும் அந்தச் சில்லில்தான். கதவுக்கு முன்னும் பின்னும் உள்ள தூண் இரண்டுக்கும் குறுக்கே குழாய் வைத்துக் கட்டாமல் சில்லை வெட்டினால் இரண்டு தூணும் மேலே ஒன்றையொன்று பார்த்துச் சாயும்.

இன்னொன்று, ஸ்ட்ரைக்கரை (கதவுப் பூட்டு போய் மாட்டுகிற, தூணில் உள்ள கொக்கி) கழட்டிவிட்டுப் பாருங்கள். அது மாட்டியிருந்தால் கதவைத் தூக்கியோ அமுக்கியோ ஏமாற்றிவிடும்.

பழைய இரும்பு:
மாமா சொன்னது சரி. ஆனால் ஒரேயடியாகப் பயப்படவும் வேண்டாம். இந்த வண்டிகள் ஃபேக்டரியிலிருந்து வரும்போதே இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியோடு வந்ததில்லை, இன்றைய ஜப்பான் காடி மாதிரி எதிர்பார்த்தால் வாழ்நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நாலைந்து மில்லிமீட்டர், மேலிருந்து கீழ்வரை சீராகப் போனால் எனக்குப் போதும். உரசக் கூடாது, அவ்வளவுதான்.

கதவுக்குள் கண்ணாடி, வைண்டர் எல்லாம் இருக்கிறதா? வெறும் கதவை வைத்து அளந்துவிட்டு அப்புறம் கண்ணாடி ஏற்றினால் அந்தக் கனத்துக்கே கொஞ்சம் இறங்கும். புது ரப்பரும் கதவை வெளியே தள்ளும், அதையும் மாட்டித்தான் பார்க்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு இதையெல்லாம் கண்டுபிடித்தால் அழுகைதான் வரும். அப்படியே குவார்ட்டர் லைட்டுக்கு (கதவின் முன் மூலையில் உள்ள சின்ன முக்கோணக் கண்ணாடி) கீழே கதவுத் தகட்டில் நெட்டாக விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள், எம்ஜிபியில் அது வழக்கமாக வருகிற இடம்.

செந்தூல்காரன்:
பார்த்துவிட்டேன். கதவு ஆடவே இல்லை. முன் இடைவெளி மேலும் கீழும் ஒன்றுதான். இடது சில்லுக்கு நடுவில் கட்டை வைத்து ஜாக்கை மெதுவாக ஏற்றினேன், பின்னால் மேலே இருக்கிற இடைவெளி கண்ணெதிரே திறக்கிறது, இறக்கினால் மறுபடி மூடிக்கொள்கிறது. விரிசல் இல்லை. அப்படியானால் மறுபடியும் வெட்ட வேண்டுமா?

பட்டர்வொர்த் மாமா:
ஆமாம் தம்பி, மனசு கேட்காதுதான். ஆனால் ஜாக்குக்கு இவ்வளவு அசைகிறதென்றால் உள்ளே ஏதோ சேரவில்லை. அந்தச் சில் மூன்று அடுக்கு: உள் சில், நடுவில் நெட்டாக நிற்கிற தகடு, வெளிச் சில்; அடியில் கேசில் தகடு வேறு. பல பேர் வெளியே தெரிவதை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே துருவின் மேலேயே வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். எதை எதை மாற்றினார் என்று பட்டறைக்காரரிடம் நேராகக் கேளுங்கள், வேலை நடந்தபோது எடுத்த போட்டோ இருந்தால் அதையும்.

திரும்பச் செய்யும்போது முன் பின் சஸ்பென்ஷன் இடங்களில் தாங்கு கொடுத்து, கதவு வாயில் இரண்டு தூணுக்கும் நடுவே திருகி நீட்டுகிற கம்பி ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். சில் வெல்டிங்கைப் பிரித்ததும், கதவு தொங்கியபடியே, பின் இடைவெளி சீராகும் வரை கம்பியைத் திருக வேண்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றி வெல்டிங். ஒரே இழுப்பாக ஓட்டினால் சூட்டிலேயே இழுத்துக்கொள்ளும். பின் விங் வெல்டிங் வைத்தது, நகராது. அதனால் கதவைப் பின் விங்குக்குப் பொருத்தி, முன் விங்கைக் கதவுக்குப் பொருத்தி, பானெட்டைக் கடைசியாக விடுங்கள். அந்தப் பட்டறை பின்னாலிருந்து முன்னால் வரும் இந்த வரிசைக்கு ஒத்துவராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

பழைய இரும்பு:
வலது பக்கத்தையும் ஜாக் வைத்துப் பார்த்தீர்களா? "பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், அளந்தீர்களா? ஒரே ஆள் ஒரே விதமாக வெட்டியிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் எப்படித் தப்பியிருக்கும்?