மீட்ட வட்டுப் படிமம் புதிய கணினியில் பூட் ஆகவில்லை

கேள்வி: சேரன்மகாதேவி

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்கள் அரிசி ஆலையின் பழைய கணினி ஐப்பசி இடிமழையில் மதர்போர்டு எரிந்து நின்றுவிட்டது. அதன் வட்டு முழுவதையும் முன்பே படிமமாக (முழு வட்டின் நகல் கோப்பாக) எடுத்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தோம். விண்டோஸ் 7 உடன் வாங்கி, பின்னர் விண்டோஸ் 10-க்கு மாற்றிய கணினி அது. இப்போது என்விஎம்இ என்ற புதிய இணைப்பு முறையிலான எஸ்எஸ்டி வட்டு உள்ள புதிய கணினியில் அந்தப் படிமத்தை மீட்டிருக்கிறோம். பிழையின்றி முடிந்ததாகவே மென்பொருள் சொல்கிறது. ஆனால், இயக்கினால் பூட் செய்யத்தக்க சாதனம் இல்லை என்ற செய்திதான் வருகிறது. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில், பழைய பூட் முறையான லெகசிக்கு மாற்றலாம் என்று பார்த்தால், அந்த வசதியே இல்லை. நெல் கொள்முதல், அரவைக் கூலி, தவிடு விற்பனைக் கணக்குகள் யாவும் அதிலுள்ள பழைய மென்பொருளில் இருக்கின்றன. அதை நிறுவும் சிடி எங்களிடம் இல்லை, எழுதித் தந்தவரும் அத்தொழிலை விட்டுவிட்டார். பிசான அறுவடைக்கு முன் சரியாக வேண்டும். படிமத்தை மறுபடியும் மீட்டால் பயன் உண்டா?

பதில்: பாளையங்கோட்டை

மறுபடியும் மீட்பதால் பயன் இல்லை, அண்ணாச்சி. படிமம் பழைய வட்டை அப்படியே நகலெடுத்திருக்கிறது. பழைய வட்டு, பகுதிகளைக் குறித்துவைக்கும் பழைய முறையான எம்பிஆர் அமைப்பில் இருந்ததால் புதியதும் அப்படியே ஆகியிருக்கிறது. பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ மட்டும் உள்ள கணினியோ, எம்பிஆருக்குப் பின் வந்த ஜிபிடி அமைப்பையும், எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் அமைந்த இஎஃப்ஐ என்ற தனிப் பகுதியில் பூட் கோப்புகளையும் எதிர்பார்க்கிறது. விண்டோஸ் 10 நிறுவும் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட்டுடன் எஃப்10 அழுத்திக் கட்டளைத் திரையைத் திறந்து, முதலில் வட்டுகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் என்ற கட்டளையில் வட்டுப் பட்டியலைப் பாருங்கள். ஜிபிடி என்ற பத்தியில் நட்சத்திரக் குறி இல்லையென்றால் அது எம்பிஆர்தான். 2017-இல் வந்த 1703 பதிப்பு முதல் விண்டோஸ் 10 உடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, தரவை அழிக்காமலே இதை மாற்றித் தரும். முதன்மைப் பகுதிகள் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, நீட்டிப்புப் பகுதிக்குள் அமையும் லாஜிக்கல் பகுதி எதுவும் இருக்கக் கூடாது என்பதால், மாற்றும் முன் அதன் சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டிவிடுங்கள்.

கேட்டவர்

செய்து பார்த்தேன். பட்டியலில் பென்டிரைவ் மட்டுமே தெரிகிறது, எஸ்எஸ்டி தெரியவில்லை. படிமத்தை மீட்கும்போது தெரிந்ததே, அதுதான் புரியவில்லை.

பதில்: தென்காசி

உங்களுடையது இன்டெல் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால், பயாஸில் எஸ்எஸ்டிகளைக் கையாளும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். அது இயங்கினால் எஸ்எஸ்டியை அறியத் தனி டிரைவர் தேவை. விண்டோஸ் 10 பென்டிரைவில் அது இல்லை, மீட்பு மென்பொருளின் பென்டிரைவில் இருந்திருக்கும். ஒரே எஸ்எஸ்டி உள்ள, பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைக்காத கணினியில் விஎம்டியை நிறுத்துவதால் இழப்பு எதுவும் இல்லை. நிறுத்திவிட்டு மேலே சொன்ன மாற்றத்தைச் செய்யுங்கள்.

அதன் பிறகு 0x7பி என்ற எண்ணுடைய நீலத்திரை வந்தால் கலங்க வேண்டாம். பழைய இணைப்பு முறையான சாட்டா வட்டிலேயே ஓடி வந்த விண்டோஸில் என்விஎம்இ டிரைவர் இருக்கும். ஆனால் பூட் நேரத்தில் எழாதபடி நிறுத்தப்பட்டிருக்கலாம். பூட் அமைப்பை மாற்றும் பிசிடிஎடிட் கட்டளை வழியாக, அவசியமான டிரைவர்களோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடில் ஒருமுறை பூட் செய்தால் பெரும்பாலும் அது விழித்துக்கொள்ளும். பின்பு சேஃப் மோடு அமைப்பை நீக்கிவிடுங்கள்.

பதில்: அம்பாசமுத்திரம்

இவற்றுள் எதைச் செய்யும் முன்பும், வெளி ஹார்ட் டிஸ்க்கிலுள்ள படிமத்தை வேறொரு வட்டில் இன்னொரு நகல் எடுத்துவைக்க வேண்டுகிறேன். ஒரே நகலை வைத்துக்கொண்டு சோதனை செய்வது ஆபத்து. மேலும், பல படிம மென்பொருள்கள் படிமத்தைப் படிக்க மட்டும் திறக்கும் வசதி தருகின்றன. அதன் வழியாகக் கணக்குக் கோப்புறையை இன்றே வேறு கணினியில் எடுத்துவிடுங்கள். பூட் ஆவது தாமதமானாலும் கணக்கு கையில் இருக்கும்.

கேட்டவர்

நகல் எடுத்தபின் விஎம்டியை நிறுத்தினேன்; எஸ்எஸ்டி தெரிந்தது, மாற்றமும் முடிந்தது. தென்காசி அண்ணாச்சி சொன்ன அதே நீலத்திரை வந்து, சேஃப் மோடுக்குப் பின் விண்டோஸ் முழுமையாகத் திறந்துவிட்டது. கார் பருவக் கணக்கு கடைசிப் பதிவு வரை சரியாக இருக்கிறது. விண்டோஸ் உரிமம் மட்டும் செயல்படவில்லை என்று காட்டுகிறது.

பதில்: பாளையங்கோட்டை

கணினியுடன் வந்த உரிமம் பழைய மதர்போர்டோடு பிணைந்தது. புதிய உரிமம் வாங்க வேண்டியிருக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025 உடன் முடிந்துவிட்டதால், கணக்கு மென்பொருள் விண்டோஸ் 11-இல் ஓடுகிறதா என்று சோதித்துவிட்டு வாங்குங்கள். அதுவரை அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காதிருப்பது நல்லது.