நடு அடுக்கில் பிரியும் பிளைவுட்: அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகுமா?

கேள்வி (வியாசர்பாடி)
நாங்கள் மலைவேம்பு வெனீரில் (மெல்லிய மர ஏட்டில்) சூட்டில் இறுகும் ஃபீனால் பசை பூசி, 12 மி.மீ. பலகையை 135 டிகிரி செல்சியஸில், சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோ அழுத்தத்தில் 10 நிமிடம் ஹாட் பிரஸ்ஸில் (சூடான தட்டுகளுக்கிடையே அழுத்தும் இயந்திரத்தில்) வைக்கிறோம். கோடையில் குறையொன்றும் இல்லை. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து கொதிநீர்ச் சோதனையில் நடு அடுக்கு பிரிகிறது. சில பலகைகள் பிரஸ்ஸைத் திறக்கும்போதே ‘பட்’டென்று கொப்புளமிடுகின்றன. அழுத்தத்தை 16 கிலோவாக உயர்த்தலாமா?

மறுமொழி 1 (மணலி, பிரஸ் பிரிவில் நெடுநாள் பணியாற்றியவர்)
வேண்டாம் ஐயா. ஏடுகளை நெருக்கிப் பசையை இருபுறமும் படியச் செய்வதோடு அழுத்தத்தின் வேலை முடிந்துவிடுகிறது. மலைவேம்பு மென்மையான மரம். 16 கிலோ வைத்தால் பலகை நசுங்கித் தடிமன் குறைவதோடு, பசை மரத்துக்குள் இறங்கி, ஒட்ட வேண்டிய இடம் வறண்டுவிடும்.

உங்கள் சிக்கல் ஈரம் என்றே கருதுகிறேன். உலர்த்தி எடுத்த வெனீரை இரண்டு நாள் திறந்த கொட்டகையில் அடுக்கி வைத்தால், நம் கடற்காற்றில் 6 விழுக்காட்டு ஈரம் 12-ஐத் தாண்டிவிடும். அந்த நீர் பிரஸ்ஸுக்குள் ஆவியாகச் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும்வரை, தட்டு 135 டிகிரியில் இருந்தாலும் பலகையின் நடுப்பகுதி 100 டிகிரியை ஒட்டியே தங்கிவிடுகிறது. ஃபீனால் பசை விரைந்து இறுக அந்தச் சூடு போதாது. பத்து நிமிடம் முடிந்து அழுத்தத்தைச் சட்டென்று விடும்போது, வெளியேற வழியின்றி அடைபட்ட ஆவி அரைகுறையாக இறுகிய பசையைக் கிழித்துக்கொண்டு வெளிவருகிறது.

மறுமொழி 2 (மாதவரம், தரச் சோதனைப் பணி)
முன்னவர் சொன்னது சரி. சூட்டைக் கூட்டவும் அவசரப்பட வேண்டாம், ஆவியின் அழுத்தமும் கூடவே ஏறும். பிரிந்த பலகையைக் கத்தியால் நெம்பிப் பாருங்கள். இரு முகங்களிலும் மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் பசையைக் குறைசொல்ல இடமில்லை. நார் இல்லாமல் பசை கண்ணாடிபோல் பளபளத்தால், அழுத்தம் ஏறுமுன்பே அது காய்ந்துவிட்டது; பூசியபின் அதிக நேரம் காத்திருந்தீர்களா என்று பாருங்கள். பசை நிறம் மங்கி, நகத்தால் சுரண்டினால் வந்துவிடுமானால், அது இறுகவேயில்லை. கடல்தரப் பலகைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 710 கேட்கும் 72 மணி நேரக் கொதிநீரை அப்படிப்பட்ட ஒட்டு தாங்காது.

கேள்வி கேட்டவர்
கத்தியில் பார்த்தேன்; நடு அடுக்கில் பசை நகத்தோடு வந்துவிட்டது. ஈரமானி கோர் (நடு அடுக்கு) வெனீரில் 13 விழுக்காடு காட்டியது. மீண்டும் உலர்த்தி, 7-க்குக் கொண்டுவந்து, அன்றே பசை பூசி, மேலும் மூன்று நிமிடம் வைத்து, கடைசியில் அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கினோம். நேற்று எடுத்த பலகைகளில் கொப்புளம் இல்லை. இன்று காலை அவற்றின் துண்டுகளைக் கொதிநீரில் இட்டிருக்கிறோம்.